ஓசி கால் ஆப்பு, சீனா போன், பழைய டிக்டாக்: இந்த வாட்டி வந்த கேள்விகள்

பழைய போன்ல ஷேர்இட்டும் யூசி பிரவுசரும் கிடக்கு. அப்படியே விடலாமா? (தக்கலை)

தூக்கிடுங்க. 2020 ஜூன் 29ல தடை பண்ணுன 59 ஆப்புல ரெண்டும் உண்டு. தடை போட்டா ஸ்டோர்ல இருந்துதான் போகும், உங்க போன்ல இருந்து தானா போகாது, ஓட்டை விழுந்தா அடைக்க அப்டேட்டும் கிடைக்காது.

ஒரு சீனா ஆப்பு இருக்கு, நல்லதா கெட்டதா? (மார்த்தாண்டம்)

எந்த ஆப்புன்னு பேரு எழுதாம கேட்டா நான் வெத்தலைல மை போட்டா பாக்க முடியும்? பேரும், என்னென்ன பெர்மிஷன் கேட்டுச்சுங்கறதும் எழுதி அனுப்புங்க.

வீட்டுக்காரர் துபாய்ல, வாட்ஸ்அப் கால் போகல. ரூம்ல யாரோ சொன்ன ஓசி வீடியோ கால் ஆப்ப என்னையும் போடச் சொல்றாரு. போடட்டா? (குளச்சல்)

அவசரப்படாண்டாம். டோடோக்குன்னு ஒண்ணு இப்படித்தான் பரவுச்சு, அங்க மத்த கால் எல்லாம் அடைச்சு வச்சிருக்க இது மட்டும் ஓசியா போகுதேன்னு எல்லாரும் போட்டாங்க. 2019 டிசம்பர்ல, அது அமீரக அரசுக்கு உளவு பாக்குற ஆப்புன்னு நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு, கம்பெனி மறுத்துச்சு, ஆனா கூகுளும் ஆப்பிளும் ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டாங்க. அந்த ஆப்ப யாரும் ஹேக் பண்ணி உள்ள விடல பாத்துக்கோங்க, நம்ம ஆளுங்களே காண்டாக்ட், லொகேஷன், மைக்குன்னு கேட்டதுக்கெல்லாம் அலோ அலோன்னு அமுக்கி குடுத்ததுதான்.

இந்த காண்டாக்ட் விஷயத்த எத்தன வாட்டி எழுதியாச்சு! உங்க போன்ல ஐந்நூறு நம்பர் இருந்தா அதுல உங்களுக்க நம்பர் ஒண்ணோ ரெண்டோதான், மிச்சம் எல்லாம் அடுத்தவங்களுக்குள்ளது, அத எடுத்துக் குடுக்க நீங்க யாரு? அதுலயும் நம்ம ஊர்ல பேர எப்படி சேவ் பண்ணுவோம்? கூடங்குளம் சித்தப்பா, மகேந்திரகிரி மச்சான், ஐஆர்இ மாமா. அணு உலைல யாரு, இஸ்ரோல யாரு, மணல் கம்பெனில யாருன்னு லிஸ்டு போட்டு நாமளே கைல குடுத்த மாதிரி. 2019ல கூடங்குளத்துல ஆபீஸ் வேலைக்கு வச்சிருந்த ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர் (கள்ளத்தனமா புகுற கெட்ட புரோகிராம்) புகுந்தத, அணு உலைய நடத்துற என்பிசிஐஎல்லே ஒத்துக்கிட்டது ஞாபகம் இருக்குல்லா. உள்ள நுழைய நினைக்கறவனுக்கு முதல்ல வேண்டியது அங்க வேலை பாக்கறவங்க யாருங்கறதுதான். அதனால அங்க அனுமதி உள்ள கால் ஆப்பு எதுன்னு அவர விசாரிக்கச் சொல்லுங்க, அதையும் காண்டாக்ட் குடுக்காம போடுங்க.

அமெரிக்கா கம்பெனின்னா பயமில்லல்லா? (இரணியல்)

யாரு சொன்னா? அமெரிக்கா உளவு அமைப்புக்கு வேலை பாத்த ஸ்னோடன், அங்குள்ள நெட் கம்பெனிகள்ட்ட இருந்து அரசு டேட்டா எடுக்குற பிரிசம் திட்டத்த 2013ல வெளிய விட்டது மறந்தாச்சா? அவங்க உளவுச் சட்டத்துல 702ன்னு ஒரு பிரிவு, வெளிநாட்டுல இருக்கற வெளிநாட்டுக்காரன் மெசேஜ எடுக்க ஆளுக்கு ஆள் வாரண்ட் வேண்டாம், நாம எல்லாரும் அதுலதான் வருவோம். சீனால 2017ல வந்த உளவுச் சட்டம், அரசு கேட்டா கம்பெனி ஒத்துழைக்கணும்னு நேராவே சொல்லுது. கேமரா ஆப்புக்கு எதுக்கு காண்டாக்டுன்னு ரெண்டு பேருட்டயும் கேளுங்க.

ஆபீஸ் லெட்டர டீப்சீக்ல குடுத்து திருத்தலாமா? (நாகர்கோவில்)

கூடாது. டீப்சீக் சாட்ஜிபிடி மாதிரி ஒரு சீனா ஏஐ ஆப்பு, டேட்டாவ சீனா சர்வர்லதான் வைப்போம்னு அவங்க பாலிசிலயே இருக்கு. 2025 ஜனவரில மத்திய நிதி அமைச்சகம், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல டீப்சீக், சாட்ஜிபிடி ரெண்டும் வேண்டாம்னு ஊழியர்களுக்கு சொல்லிச்சு.

டிக்டாக்ல பழைய வீடியோ கிடக்கு, ஓசி விபிஎன் போட்டு எடுக்கட்டா? (கருங்கல்)

ஓசி விபிஎன்காரன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? போன்ல இருந்து போறது வாறது எல்லாம் அவன் வழியாத்தான் போகும். ஐரோப்பாக்காரங்க டேட்டாவ சீனாவுல இருந்து எடுத்துப் பாக்க விட்டதுக்கு 2025 மே மாசம் அயர்லாந்துல டிக்டாக்குக்கு 53 கோடி யூரோ ஃபைன் போட்டாங்க. அவ்வளவு சட்டம் இருக்கற ஊர்லயே அந்தப் பாடு. ஆடுன டான்ஸ் ஆடுனதுதான், விடுங்க.

சீனா போன தூரப் போடணுமா? (முட்டம்)

கடல்ல எறியாண்டாம். அப்டேட் போடுங்க, கூட வந்த வேண்டாத ஆப்ப எல்லாம் முடக்குங்க, காண்டாக்ட் பெர்மிஷன ஒவ்வொரு ஆப்புலயா நிறுத்துங்க.

ரப்பர் தோட்டத்து வீட்டுல சீனா கேமரா மாட்டியாச்சு, எவனாவது பாப்பானா? (அருமனை)

கேமரா மாட்டுன பையன் வச்ச பாஸ்வேர்டுதானா இன்னைக்கும்? அத மாத்திட்டு எழுதுங்க, மிச்சத்த அப்புறம் சொல்றேன்.