தினமும் 200 தவளைத் தாவல் தேவையா?

வாலிபால் பயிற்சி: வாசகர் கேள்வி – பதில்

எனக்கு வயது 15, உயரம் 170 செ.மீ. பள்ளி அணியில் ஸ்பைக்கர் (தாவிப் பந்தை எதிர்ப்பக்கம் ஓங்கி அடிப்பவர்). எழும்பினால் விரல்கள் மட்டும்தான் வலைக்கு மேல் போகின்றன. வீடியோ பார்த்து மூன்று மாதமாகத் தினமும் 200 தவளைத் தாவலும், மைதானத்தைச் சுற்றி வாத்து நடையும் போடுகிறேன். ஒரு விரற்கடைகூட ஏறவில்லையே, ஏன்?
– 10ஆம் வகுப்பு மாணவர், நெல்லிக்குப்பம்

தம்பி, 200 தாவலில் முதல் பத்து, பதினைந்துதான் முழு வேகத்தில் வந்திருக்கும். மிச்சமெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு எண்ணிக்கைக்காகப் போட்டவை. களைத்த கால் மெதுவாகத் தாவத்தான் பழகும். ஸ்பைக்குக்குக் காலை ஊன்றி எழும்பும் நேரமோ அரை விநாடிகூடக் கிடையாது. அதற்குள் எவ்வளவு விசையாகத் தரையைத் தள்ளுகிறோம் என்பதுதான் உயரத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே முதலில் தள்ளும் வலு வேண்டும், வேகம் அதற்குப் பிறகு. வாத்து நடையை இன்றோடு விட்டுவிடுங்கள். முழங்காலை முழுக்க மடக்கி வைத்து நடப்பதால் மூட்டுக்கு உளைச்சல்தான் மிச்சம்.

வாரத்தில் இரண்டு நாள் போதும், நடுவில் இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும். சுமைக்கு ஜிம் தேவையில்லை. பலரும் 20 லிட்டர் தண்ணீர் கேனைப் பாதி நிரப்பித் தூக்குகிறார்கள். உள்ளே தண்ணீர் அலம்பி ஆளையே ஆட்டிவிடும். மணல் மூட்டைதான் நல்லது. 10 கிலோ அரிசிப் பையில் பாதி வரை உலர்ந்த மணல் போட்டாலே ஏறக்குறைய 10 கிலோ வந்துவிடும். மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள். வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி, இன்னொரு பைக்குள் தலைகீழாகச் செருகுங்கள். இல்லாவிட்டால் மணல் சட்டைக்குள் கொட்டும்.

மூட்டையை நெஞ்சோடு அணைத்து ஸ்குவாட்: மூன்று விநாடி எடுத்து உட்கார்ந்து, தொடை தரைக்கு இணையானதும் விசுக்கென எழுந்திருங்கள். எட்டு முறை ஒரு செட், மூன்று செட், நடுவே இரண்டு நிமிட ஓய்வு. குதிகால் தூக்கினால் பாதத்தைச் சற்று அகட்டி வையுங்கள். அடுத்து, பின்காலை ஒரு படி மேல் வைத்து ஒற்றைக் கால் ஸ்குவாட், காலுக்கு எட்டு, இரண்டு செட். மூன்றாவதாக, மூட்டையைக் கையில் தொங்கவிட்டு, முதுகு வளையாமல் இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து நிமிர்வது, எட்டு முறை, மூன்று செட். பின்தொடைக்கும் பிட்டத்துக்கும் வலு சேர்ப்பது இதுதான். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான். கடைசியாக, படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது, காலுக்கு 12, இரண்டு செட்.

மூன்றாவது செட்டின் எட்டாவது முறையும் ஆட்டமில்லாமல் வந்தால் அடுத்த வாரம் 2 கிலோ ஏற்றுங்கள். ஆட்டம் கண்டால் அதே எடை. தாவலை இந்தப் பயிற்சிக்கு முன்னால், வார்ம்-அப் முடிந்து கால் புதிதாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஐந்தைந்தாக ஆறு செட், ஒவ்வொரு தாவலும் முழு மூச்சில். செட்டுக்கு நடுவே ஒன்றரை நிமிடம் சும்மா நில்லுங்கள். மொத்தம் 30 தாவல்தானா என்று தோன்றும். வலையருகே ஸ்பைக்குக்கும், எதிரணியின் அடியைத் தடுக்கும் பிளாக்குக்கும் தாவுவது தனிக்கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஸ்பைக் பயிற்சி நீண்ட நாளில் இந்த முப்பதும் வேண்டாம்.

மகளுக்கு 12 வயது. எடை தூக்கச் சொல்கிறார் கோச். எடை தூக்கினால் பெண் பிள்ளை வளராது என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். தூக்க விடலாமா?
– ஒரு தாய், அரியாங்குப்பம்

விடலாம் அம்மா. முறையாகச் செய்யும் எடைப் பயிற்சியால் உயரம் குறையாது. எலும்பு நீளும் முனைப்பகுதியான வளர்ச்சித் தட்டில் அடிபடுவதெல்லாம் பெரும்பாலும் மேற்பார்வை இல்லாமல், போட்டி போட்டுக்கொண்டு தாங்காத எடையைத் தூக்கும்போதுதான். தாவி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவள் கால் தாங்கும் விசை உடல் எடையைப் போலப் பல மடங்கு. 5 கிலோ மூட்டை அதற்குப் பக்கத்திலேயே வராது. ‘அதிகபட்சம் எவ்வளவு தூக்குவாய்’ என்று சோதித்துப் பார்ப்பது மட்டும் இந்த வயதில் கூடாது.

எடையைவிட அவள் தரையிறங்கும் விதத்தைப் பாருங்கள். வளரும் பருவத்துப் பெண் பிள்ளைகளுக்கு இறங்கும்போது முழங்கால் இரண்டும் உள்பக்கம் ஒடுங்குவது அதிகம். மூட்டுக்குள் இருக்கும் தசைநார் கிழிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 30 செ.மீ. உயரப் பலகையிலிருந்து இறங்கச் சொல்லி, நேர் எதிரே கைபேசியை வைத்துப் படம் பிடியுங்கள். முழங்கால் பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். ‘தொம்’ என்று சத்தம் கேட்டால் முழங்காலையும் இடுப்பையும் மடக்காமல் இறங்குகிறாள் என்று அர்த்தம். இறங்கி இரண்டு விநாடி அசையாமல் நிற்பது, ஐந்து முறை, மூன்று செட். இது சரியாகும் வரை உயரமான பெட்டியிலிருந்து குதிக்க விட வேண்டாம்.

பள்ளியில் 14 பேர், சிமென்ட் தளம், கருவி எதுவும் கிடையாது. ஞாயிறுதோறும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மணலில் தாவ வைக்கிறேன். பலன் உண்டா? காலில் எடைப்பட்டை கட்டலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், பண்ருட்டி

பலன் உண்டு சார், ஆனால் பாதிதான். மணலில் கால் புதைவதால் அதிர்ச்சி குறையும், முழங்கால் பிழைக்கும். அதே காரணத்தால் தசைநார் வில்போல் இழுபட்டுத் தெறிக்கும் பழக்கம் மணலில் வராது. கெட்டித் தரையில்தான் அது வரும். ஆரம்ப வாரங்களுக்கும், போட்டி முடிந்து கால் வலிக்கும் நாட்களுக்கும் மணல் பொருத்தம். உலர்ந்த மேல்மணலைத் தேர்ந்தெடுங்கள். அலையோர ஈரமணல் கெட்டியாகவும் சரிவாகவும் இருப்பதால் கணுக்கால் பிசகும். வார நாட்களில் தாவலை மண்தரையில் வையுங்கள், சிமென்ட் வேண்டாம்.

14 பேருக்கு 14 மூட்டை தேவையில்லை. 5, 8, 10, 15 கிலோவில் நான்கு போதும். ஒருவர் செய்ய இரண்டு மூன்று பேர் பார்த்தால் ஓய்வு தானாகக் கிடைக்கும், தப்பையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். எடைப்பட்டை வேண்டவே வேண்டாம். கணுக்காலில் பாரம் கட்டித் தாவினால் தாவும் பாங்கு மாறும், இறங்கும் அதிர்ச்சி கூடும்.

தாவினால் முழங்காலுக்குக் கீழே வலி. ஸ்பிரே அடித்து விளையாடுகிறேன். வயது 14.
– மாணவர், உப்பளம், புதுச்சேரி

விரலால் அழுத்திப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் வலித்தால் பெரும்பாலும் வளரும் வயதில் வரும் ஆஸ்குட்–ஷ்லாட்டர் தொந்தரவு. முழங்கால் சிப்பியின் கீழ்முனையில் வலித்தால் தசைநார்ச் சிக்கல். இரண்டுக்கும் காரணம் அளவுக்கு மீறிய தாவல். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டு, அது மூன்று வரை இருந்தால் தாவலைப் பாதியாக்கி விளையாடலாம். மறுநாள் காலை படி இறங்கும்போது வலி கூடியிருந்தால் அந்த வாரம் தாவலே வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்வதுபோல் 30 விநாடி, ஐந்து முறை, வலி கூடாத அளவுக்கு மட்டும். வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்வது, நொண்டல், இரவு வலி, இவற்றில் எது இருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். ஸ்பிரே வலியைத்தான் மறைக்கும்.

தாவும் உயரத்தை வீட்டிலேயே எப்படி அளப்பது? எவ்வளவு நாளில் கூடும்?
– கல்லூரி மாணவி, கடலூர் முதுநகர்

விரல் நுனியில் சாக்பீஸ் தூள் தடவி, சுவரோரம் நின்று கையை நீட்டி ஒரு குறி. நின்ற இடத்திலிருந்து தாவி ஒரு குறி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் தாவல். மூன்று முறையில் சிறந்ததை எழுதிவையுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஷூ, அதே சுவர். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் 4 முதல் 6 செ.மீ. கூடினால் நல்ல முன்னேற்றம். 20 செ.மீ. என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம்.

ஓடிவந்து தாவுவதைத் தனியாக அளந்து பாருங்கள். சுவரில் மோதிவிடாமல் இருக்க, எட்டும் உயரத்தில் தொங்கும் ஒன்றைத் தொடுவது நல்லது. நின்று தாவுவதற்கும் ஓடித் தாவுவதற்கும் வித்தியாசமே இல்லையென்றால் குறை காலில் இல்லை, தாவுவதற்கு முன் ஓடிவரும் அப்ரோச்சில். வலது கைக்காரருக்குக் கடைசி இரண்டு அடி வலது, இடது. வலது அடி நீளமாக, குதிகால் முதலில் ஊன்ற வேண்டும். கைகள் இரண்டும் பின்னால் முழுக்கப் போய் வர வேண்டும். கையை வீசாமல் தாவுபவர் சில செ.மீ. உயரத்தைக் கீழேயே விட்டுவிடுகிறார்.

புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டுமா?
– வாசகர், வில்லியனூர்

வேண்டாம். 55 கிலோ எடையுள்ள பையனுக்கு நாளொன்றுக்கு 70 கிராம் புரதம் தாராளம். முட்டை இரண்டு, அரை லிட்டர் பால், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மதியம் இரண்டு துண்டு மீன், இதிலேயே வந்துவிடும். சைவர்கள் மீனுக்குப் பதில் பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். பவுடருக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல ஷூ வாங்குங்கள்.