இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ், அப்புறம் யூனிவர்சிட்டி: இசைப் படிப்புக்கு இந்தக் கணக்கு சரிவருமா?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நாலாம் வகுப்பிலிருந்து பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறாள். தனியாகக் கர்நாடக வயலினும் ஏழு வருடமாகக் கற்கிறாள். இசையில்தான் டிகிரி என்று நிற்கிறாள். பக்கத்திலேயே ஓலோனி கல்லூரி என்னும் கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது. அங்கே இரண்டு வருடம் முடித்துவிட்டு யூனிவர்சிட்டிக்கு மாறினால் பாதிச் செலவு மிச்சம். ஆனால் வீட்டில் 'கம்யூனிட்டி காலேஜா?' என்று முகம் சுளிக்கிறார்கள். எது சரி? ஆடிஷனுக்குத் தயாராவதற்காகக் கர்நாடக வகுப்பை நிறுத்திவிடலாமா?"

முகச்சுளிப்பை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. அங்கிருந்து மாறிப் போய் நல்ல பெயரோடு பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். பட்டச் சான்றிதழில் முதல் இரண்டு வருடம் எங்கே படித்தாள் என்று யாரும் அச்சடிப்பதில்லை.

பணக் கணக்கிலும் நீங்கள் சொல்வது சரி. பாடங்களை அளக்கும் அலகான யூனிட் ஒன்றுக்கு மாநிலவாசிகளுக்கு 46 டாலர். மாறுவதற்கு வேண்டிய 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான். முதல்முறையாக, முழுநேரமாகச் சேரும் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் இதையும் தள்ளுபடி செய்யும் கல்லூரிகள் நிறைய. யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகம் என்றால் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 15,000 டாலருக்கு மேல். இசைக்கென்றே இருக்கும் தனியார் கன்சர்வேட்டரிகளில் 50,000-ஐத் தாண்டும். மகள் கம்ப்யூட்டரோ பொருளாதாரமோ படிப்பவளாக இருந்தால், ஓலோனியில் சேருங்கள் என்று இத்தோடு பதிலை முடித்திருப்பேன்.

இசைப் படிப்பில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. யூனிட்டுகள் காகிதத்தில் மாறிவிடும், ஆனால் எந்தப் படியில் நிற்கிறாள் என்பதைப் புது இடத்தில் மறுபடி சோதித்துத்தான் முடிவுசெய்வார்கள்.

நான் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பல வருடம் இசைக் கோட்பாடும் செவிப்பயிற்சியும் நடத்தியவன். என்னிடம் நான்கு செமஸ்டரிலும் ஏ வாங்கிய ஒரு பையன், கிட்டார்க்காரன், யூனிவர்சிட்டிக்கு மாறிப் போனான். முதல் வாரமே நிலைத் தேர்வு. ஆசிரியர் பியானோவில் நாலு குரல் கொண்ட எட்டு கார்டுகளை (chord, ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டு) வாசிக்கிறார், மூன்றே மூன்று தடவை. மேல் வரியையும் கீழ் வரியையும் எழுதி, கார்டுகளின் பெயரையும் குறிக்க வேண்டும். அவன் மேல் வரியைத் தப்பில்லாமல் எழுதினான். கீழே பேஸ் வரி அவன் காதிலேயே விழவில்லை. எங்கள் வகுப்பில் நாங்கள் அந்தப் பயிற்சியைப் போதுமான அளவு தரவில்லை என்பதுதான் உண்மை. அவனை இரண்டாம் செமஸ்டர் செவிப்பயிற்சியில் உட்கார வைத்தார்கள். அடுத்த பாடங்கள் ஒவ்வொன்றும் அதன் மேல் நிற்பவை. இரண்டு வருடத்தில் முடியவேண்டியது மூன்றரை வருடம் ஆயிற்று. கம்யூனிட்டி காலேஜில் மிச்சம் பிடித்த பணம் அங்கே கரைந்துபோனது.

கோட்பாடு, செவிப்பயிற்சி மட்டுமில்லை. எந்த வாத்தியம் வாசித்தாலும் பியானோவில் குறைந்தபட்சத் தேர்ச்சி கேட்பார்கள். அதைவிட முக்கியம், முதன்மை வாத்தியத்தில் அவள் எந்த நிலை என்பதை ஆடிஷனிலும், பிறகு ஜூரி என்று சொல்லும் செமஸ்டர் தேர்விலும் வயலின் ஆசிரியர்கள் தீர்மானிப்பார்கள். முதலாண்டு நிலை என்று போட்டுவிட்டால், கையில் 60 யூனிட் இருந்தாலும் வாத்தியத்தில் அவள் முதலாண்டுதான்.

அதனால் எந்தக் கல்லூரி என்பதற்கு முன்னால் எந்த டிகிரி என்று மகளிடம் கேளுங்கள். பிஏ இசை என்றால் மொத்தப் படிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இசை, மீதி பொதுப் பாடங்கள். அந்தப் பொதுப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் மலிவாக முடிப்பது நல்ல யோசனை. பள்ளியில் இசை ஆசிரியர் ஆகவேண்டும், ரெக்கார்டிங் பக்கம் போகவேண்டும் என்றாலும் இந்த வழி பெரும்பாலும் பொருந்தும். பிஎம் என்னும் பேச்சிலர் ஆஃப் மியூசிக், அதிலும் வயலின் வாசிப்பு என்றால் மூன்றில் இரண்டு பங்கு இசையே. நாலு வருடமும் ஒரே ஆசிரியரிடம் வாராவாரம் பாடம், மூன்றாம் வருடம் ஒரு கச்சேரி, நாலாம் வருடம் ஒன்று என்று படிப்பே குருகுலம் மாதிரி அமைந்திருக்கும். பாதியில் நுழைபவருக்கு அது கஷ்டம். கன்சர்வேட்டரிகளில் உதவித்தொகையின் பெரும்பகுதியும் முதலாண்டில் சேருபவர்களுக்கே போகும்.

சரி, உங்கள் மகளுக்கு? பள்ளி ஆர்கெஸ்ட்ராவோடு மேற்கத்திய வயலினுக்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. என் பதில் அதைப் பொறுத்தது. இருந்து, மேற்கத்திய இசையமைப்பாளர் பாக்கின் (Bach) தனி வயலின் படைப்பில் ஒரு பகுதியும், ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து தனி வாத்தியம் வாசிக்கும் கன்செர்ட்டோ ஒன்றின் முதல் பகுதியும் இப்போதே ஒழுங்காக வாசிக்கிறாள் என்றால், நேரடியாக ஆடிஷனுக்கு அனுப்புங்கள். கன்சர்வேட்டரிகளுக்கு மட்டும் வேண்டாம், சான் ஹோசே ஸ்டேட் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து அனுப்புங்கள். அங்கே கட்டணம் யூசியில் ஏறக்குறைய பாதி. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்றால் உங்கள் கணக்கில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தனி ஆசிரியர் இல்லை, பள்ளியில் வாசித்ததோடு சரி என்றால், கம்யூனிட்டி காலேஜின் இரண்டு வருடம் அவளுக்குப் பெரிய உபகாரம். ஆடிஷன் அப்போதும் காத்திருக்கும், ஆனால் தயாராக இரண்டு வருடம் கிடைக்கும்.

அப்படிச் சேர்த்தால், முதல் செமஸ்டரிலேயே கோட்பாடும் செவிப்பயிற்சியும் பியானோ வகுப்பும் எடுக்கவேண்டும். 'முதலில் ஆங்கிலம், கணக்கு முடிக்கட்டும், இசை அப்புறம்' என்று ஆலோசகர்கள் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கோட்பாடு நான்கு செமஸ்டர் வரிசை. சிறு கல்லூரிகளில் முதல் படியை ஆகஸ்டில் மட்டும் நடத்துவது வழக்கம். அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை நல்ல தனி ஆசிரியருக்குக் கொடுங்கள். கல்லூரி ஆர்கெஸ்ட்ராவிலும் சேரட்டும். அங்கே ஓய்வுபெற்ற இன்ஜினியர் பக்கத்து நாற்காலியில் இரண்டாம் வயலின் வாசிப்பார். அவளுக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் முப்பது வருடம் ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்தவரிடம் எண்ணிக்கை பிசகாமல் நுழையக் கற்றுக்கொள்ளலாம்.

எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் சேருமுன்பே பாருங்கள். யூசி வளாகங்களில் டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறும், அவற்றின் நிபந்தனைகளை நிறைவேற்றும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இட உத்தரவாதம் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ தருவதில்லை. ஆடிஷன் வைக்கும் இசைப் பிரிவுகளுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். எந்தப் பிரிவுகளுக்கு விலக்கு என்பது வளாகத்துக்கு வளாகம் மாறும்.

நம்மவர்களுக்காக இன்னொன்று. மகள் உங்கள் வேலை விசாவை ஒட்டிய ஹெச்-4-இல் இருந்தால், 21 வயதில் அது முடிந்துவிடும். மாணவர் விசாவுக்கு மாறினால் வெளிமாநிலக் கட்டணம் வந்து நிற்கலாம். நாலு வருடம் ஐந்தரை ஆவது அப்போது மிகப் பெரிய தொகை. கிரீன் கார்டு இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

கர்நாடக வகுப்பை நிறுத்தவேண்டாம். செவிப்பயிற்சியில் அது அவளுக்குக் கைகொடுக்கும். சுருதி எங்கே இருந்தாலும் அதை 'ச' ஆக்கிக்கொண்டு பாடுகிற பழக்கம், இடம் மாறும் 'டோ' (நம் 'ச' போன்றது) முறையில் சொல்லித்தரும் கல்லூரிகளில் நேராகப் பயன்படும். அவளுக்கு இடறப்போவது அந்தப் பையன் இடறிய அதே இடம், ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களில் அடிச் சுரத்தைப் பிரித்துக் கேட்பது. தினம் பத்து நிமிஷம் பியானோவில் அதைப் பழகட்டும். ஆடிஷனுக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் இரண்டு பாணிகளையும் வேறு வேறு வேளையில் வாசிக்கச் சொல்லுங்கள். தரையில் உட்கார்ந்து வயலின் தலையைக் காலில் ஊன்றி, ச-ப-ச-ப சுருதியில் கமகம் இழைத்த கை, எழுந்து நின்று மேற்கத்திய சுருதியில் சுரத்தை நேராகத் தொடுவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கர்நாடக இசையையே டிகிரிக்குள் கொண்டுவர ஆசை என்றால் கனெக்டிகட்டில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் பல வருடம் சொல்லிக்கொடுத்த இடம் அது. கட்டணம் கன்சர்வேட்டரி அளவுக்கு இருக்கும், ஆகவே உதவித்தொகை விண்ணப்பத்தையும் கூடவே நிரப்புங்கள். எந்த வழியானாலும், விண்ணப்பிக்குமுன் அந்தந்த இடத்து வயலின் ஆசிரியருக்கு மகளே ஒரு மின்னஞ்சல் எழுதி, ஒரே ஒரு சோதனைப் பாடம் கிடைக்குமா என்று கேட்கட்டும். யூசி, ஸ்டேட் விண்ணப்பங்கள் நவம்பர் கடைசியோடு முடிகிற கணக்கு, அதனால் அக்டோபருக்குள் எழுதிவிடச் சொல்லுங்கள்.