அடுத்த முறை கயிறு வேண்டாம்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தம்பிக்கு 24 வயது. கொழும்பில் கடை வேலையில் இருந்தவன், மனநோய் என்று கிளினிக்கில் காட்டி மருந்து எடுத்தான். போன மாசியில் மருந்தை விட்டுவிட்டான். நாலு நாள் தூக்கமில்லை, தன்னைக் கொல்ல ஆள் வருகிறது என்று ராத்திரியெல்லாம் சத்தம். பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பையன்கள் கயிற்றால் கையைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் அப்பாவோடு பேசுவதில்லை. எங்கள் டிவிஷனில் இப்படி இன்னும் மூன்று வீடுகள் உண்டு. மறுபடி வந்தால் என்ன செய்வது? நாங்கள் சேர்ந்து ஏதாவது செய்யலாமா?

பதில்: செய்யலாம் தங்கச்சி. தம்பி நன்றாக இருக்கிற இந்த நாட்கள்தான் அதற்கு நேரம். சத்தம் கேட்டு லயமே எழுந்து நிற்கிற ராத்திரியில் யாருக்கும் யோசனை ஓடாது. கயிறு கைக்கு வருவது அப்போதுதான்.

முதல் வேலை அப்பாவுக்கு. “அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியல, உன்னக் கட்ட விட்டது தப்புதான்டா” என்று ஒரு தடவை சொல்லட்டும். கூடவே விளக்கம் சொல்லப் போனால் அது சண்டையில் முடியும். தம்பி பதில் பேசாவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழுந்தால் போதும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொப்பியில் ஒரு தாள் கிழித்து உட்காருங்கள். தம்பி சொல்ல நீங்கள் எழுதுங்கள். நோய் ஆரம்பிக்கும்போது முதலில் என்ன மாறுகிறது? அது ஆளுக்கு ஆள் வேறு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தேத்தண்ணிதான் அடையாளம். அம்மா ஊற்றித் தருவதை மகன் தொடமாட்டார், தானே அடுப்படிக்குப் போய்த் தனியாக ஊற்றிக்கொள்வார். யாரோ விஷம் கலக்கிறார்கள் என்ற சந்தேகம் அங்கே தொடங்கும். சத்தமும் ஓட்டமும் வர அதற்குப் பிறகு ஒரு வாரமாவது ஆகும். அந்த ஒரு வாரம்தான் உங்கள் கையில் இருக்கிற காலம். உங்கள் தம்பிக்கு அது தூக்கமாக இருக்கலாம். இரண்டு ராத்திரி தொடர்ந்து தூங்காவிட்டால், கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போவது என்று எழுதிவையுங்கள். யார் சொன்னால் கேட்பார், யார் கிட்டேயே வரக்கூடாது என்பதையும் அவர் வாயாலேயே வாங்குங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து இரண்டு பேருடைய போனில் வைத்திருங்கள்.

மருந்தை ஏன் விட்டார் என்று கேட்டீர்களா? நான் கேட்டவர்களில் பாதிப்பேர் சொன்னது ஒன்றுதான்: காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, எழும்ப முடியவில்லை. இதை டொக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றுவார். சிலருக்கு மாதத்துக்கு ஒரு ஊசியே போதும். இன்னொன்று: புதிதாக மருந்தோ ஊசியோ தொடங்கிய நாட்களில் கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே சொருகிக்கொண்டால் அது பேயுமில்லை, வலிப்புமில்லை. மருந்தின் பக்கவிளைவு. ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டால் சீக்கிரம் இறங்கிவிடும். இதைப் பார்த்துப் பயந்து மருந்தையே நிறுத்திய வீடுகள் நிறைய.

இனி நாலு குடும்பம். சங்கம், தலைவர், செயலாளர் என்று தொடங்காதீர்கள், மூன்றாவது கூட்டத்தில் பதவிச் சண்டை வரும். நெருக்கடி ராத்திரியில் யாருக்கு என்ன வேலை என்பதை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். தம்பி பெயர் சொன்ன ஆள் மட்டும் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் பேசட்டும். “யாரும் வரல, சும்மா கத்தாத” என்று வாதாட வேண்டாம். “பயமா இருக்குல்ல, நான் இங்கதான் இருக்கேன்” என்றால் போதும். இன்னொருவர் பிள்ளைகளையும் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தையும் அப்புறப்படுத்தட்டும், கத்தியும் கவ்வாத்துக் கத்தியும் அவர் பொறுப்பு. மூன்றாமவருக்குப் போன். நாலாமவர் டோர்ச் லைட்டோடு ரோட்டுக்கு இறங்க வேண்டும்.

ஏனென்றால் 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் லயத்து வாசல் வரை எல்லா இடத்திலும் ஏறாது. தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், பக்கத்துப் பெரிய ரோடு, எந்த முடக்கில் ஆள் நிற்பார் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் லயத்தில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று இப்போதே பார்த்துவையுங்கள். கோயில் மேட்டுக்கு ஓடித்தான் பேச வேண்டும் என்றால் ஓடுகிற கால் யாருடையது என்பதும் முடிவாக வேண்டும். அவ்வளவு அவசரமில்லை, ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற நம்பருக்குப் பேசலாம். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

பிடித்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும் குப்புறப் போட்டு முதுகில் ஏறாதீர்கள், மூச்சு நின்றுபோகும். காய்ச்சலோடு பிதற்றினாலோ, தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி இல்லாததைப் பார்த்தாலோ, பிள்ளை பெற்ற சில நாளில் தாய் நிலை மாறிப் பேசினாலோ விடியும்வரை வைத்திருக்க வேண்டாம். இவை உடம்புக்கே ஆபத்தானவை. சாகப்போகிறேன் என்று சொன்னாலும் அப்படித்தான். பொலிஸ் வருமோ என்று மறைக்க வேண்டியதில்லை, தற்கொலை முயற்சி 1998க்குப் பிறகு இந்த நாட்டில் குற்றமில்லை. தோட்டத்துப் பூச்சி மருந்து, களைநாசினி எதுவும் காம்பராவில், அதாவது லயத்து அறையில், இருக்கக்கூடாது. நாலு வீட்டிலும் இதை இன்றைக்கே பாருங்கள்.

பேயோட்டுகிற கோடாங்கியிடம் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள். அடிக்கக்கூடாது, பட்டினி போடக்கூடாது, மாத்திரையை நிறுத்தச் சொல்லக்கூடாது என்று பூசாரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கிளினிக்குக் கூடப் போகிறவருக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். அதனால் முறை வைத்துப் போங்கள், முடிந்தால் நாலு பேருக்கும் ஒரே கிளினிக் நாள் கேளுங்கள். ஒரு ஆட்டோ, கூட ஒரு ஆள். சிங்களம் பேசத் தெரிந்தவர் அந்த ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. தோட்டத்து டொக்டர் ஐயாவுக்கும் உங்கள் பகுதி மிட்வைப் மிஸ்ஸுக்கும் இந்த ஏற்பாடு தெரிந்திருக்கட்டும்.

இதற்காக மூன்று வீட்டையும் ஒரே நாளில் கூப்பிட்டு உட்காரவைக்காதீர்கள். ஒரு காம்பராவில் தும்மினால் எட்டுக் காம்பராவுக்குக் கேட்கிற இடத்தில், கூட்டம் என்றாலே கூச்சம். ஒரு வீட்டுக்கு மட்டும், கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிற வழியில், தனியாகப் போங்கள். அவர்கள் வீட்டுக் கதையைக் கேட்காமல், மாசியில் உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். கயிற்றையும் சேர்த்து. தம்பியிடம் கேட்டுவிட்டு.