'விபத்து' என்று யாரும் எழுதவில்லை

சட்டமும் கணினியும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சட்டம் படித்துவிட்டு, அமெரிக்க வழக்குகளுக்கு ஆவணம் பார்த்துக் கொடுக்கும் ஒரு சென்னை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அங்கிருந்து வரும் கீவேர்ட் (தேடல் சொல்) பட்டியலில் சிக்கிய மின்னஞ்சல்களைத் திறந்து, வழக்குக்குத் தேவை என்றால் 'ரெலவன்ட்', இல்லையென்றால் 'நாட் ரெலவன்ட்' என்று டேக் போட வேண்டும். பாதிக்கு மேல் கேன்டீன் மெனுவும் பிறந்தநாள் வாழ்த்தும்தான். அப்படியும் போன மாதம் முக்கியமான ஒரு மின்னஞ்சல் தவறிப்போய் திட்டு வாங்கினோம். டீம் லீட் இன்னும் 40 சொல் சேர்க்கலாம் என்கிறார். சேர்த்தால் சரியாகிவிடுமா சார்?
- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: ஆகாதும்மா. குப்பை கூடும், தவறுவது தவறிக்கொண்டுதான் இருக்கும்.

1985-இல் பிளேர், மாரோன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பெரிய நிறுவன வழக்கு, சுமார் 40,000 ஆவணம், மூன்றரை லட்சம் பக்கம். வேண்டிய ஆவணங்களில் முக்கால்வாசியாவது கைக்கு வர வேண்டும் என்று வக்கீல்கள் நிபந்தனை வைத்து, தேடித் தேடி, வந்துவிட்டது என்று திருப்தியும் பட்டுக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தால் வந்தது சுமார் 20 சதவீதம்தான். வக்கீல்கள் 'விபத்து' என்று தேடினார்கள், ஆனால் அதில் மாட்டிக்கொண்ட தரப்பில் யார் அப்படி எழுதுவார்கள்? 'அந்த நிகழ்வு', 'நிலைமை', 'சிரமம்' என்று எழுதியிருந்தார்கள், சிலர் அதுகூட இல்லாமல் 'உங்கள் போன கடிதத்தில் சொன்ன விஷயம்' என்று முடித்துவிட்டார்கள். ஒரே தொழில்நுட்பச் சமாச்சாரத்துக்கு ஆளுக்கொரு பெயர் வேறு. அதன் பின்னாலேயே போன ஆய்வாளர்கள் 40 மணி நேரம் தேடி, பெயர்கள் தீராமல், நேரம் போதாமல் விட்டுவிட்டார்கள்.

அதனால் பட்டியலை நீட்டுவதற்கு முன்னால், அந்த மின்னஞ்சல்களை எழுதியவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டும். திட்டத்துக்குச் செல்லப்பெயர் உண்டா, மேலாளரை இனிஷியலால் குறிப்பிடுகிறார்களா, எந்தச் சொல்லை எல்லோரும் தப்பும் தவறுமாக டைப் செய்கிறார்கள்? கட்சிக்காரர் அலுவலகத்தில் யாரையாவது கேட்கச் சொல்லி வக்கீலுக்கு எழுதுங்கள். முடியாது என்றால் எந்தத் தேடலும் போடாமல் குருட்டாம்போக்கில் 200 மின்னஞ்சலை எடுத்துப் படியுங்கள், ஒரு நாள் போகும், ஆனால் அந்த ஒரு நாள் வீண் இல்லை.

அப்புறம் சொல்வாரியாக எத்தனை சிக்கியது என்று கணக்கு எடுங்கள். ஒரே சொல் முப்பதாயிரத்தை இழுத்து வந்தால் அதில் 50-ஐத் திறந்து பாருங்கள். 'ரகசியம்' என்ற சொல்லாக இருந்தால் பெரும்பாலும் அது மின்னஞ்சலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் அறிவிப்பில் வருவதுதான். பொதுவான சொல்லைத் தனியே விடாமல், இன்னொரு சொல்லுக்குப் பத்துச் சொல் தூரத்துக்குள் வந்தால் மட்டும் எடு என்று கட்டுங்கள், கேன்டீன் மெனு கணிசமாகக் குறையும். இன்னொன்று, சில மென்பொருள்கள் 'will' போன்ற ஆங்கிலத்தின் சில்லறைச் சொற்களைத் தேடல் அட்டவணையில் சேர்ப்பதே இல்லை. வழக்கில் 'வில்' என்று ஒருவர் இருந்தால் எத்தனை முறை தேடினாலும் அகப்பட மாட்டார், ஆளே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பலரும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது: ஒதுக்கித் தள்ளியதைச் சோதிப்பது. தேடலில் சிக்காத ஆவணம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். குலுக்கல் முறையில் 1,500 எடுத்துப் படிக்கிறீர்கள், 15 வேண்டியதாக இருக்கிறது, அதாவது நூற்றுக்கு ஒன்று. அப்படியானால் மொத்தத்தில் சுமார் ஆயிரம் வெளியே கிடக்கிறது. தேடலில் சிக்கியவற்றில் வேண்டியது 4,000 கண்டுபிடித்திருந்தால் ஐந்துக்கு நாலு கைக்கு வந்திருக்கிறது என்று சொல்லலாம். அந்தப் பதினைந்தையும் வரி வரியாகப் படியுங்கள், டீம் லீட் சேர்க்க வேண்டிய சொற்கள் அதில்தான் இருக்கும். 40 வராது, நாலைந்து வரும்.

கேள்வி: ஒரே மின்னஞ்சல் ஏழெட்டு முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் படிக்கத்தான் வேண்டுமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். ஒவ்வொரு கோப்புக்கும் 'ஹாஷ்' என்று கைரேகை மாதிரி ஒரு எண் கணக்கிடலாம், கைரேகை ஒன்றானால் கோப்பும் ஒன்று. இங்கிலாந்தில் பிர்ரோ என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில் 1 கோடியே 76 லட்சம் கோப்பு இப்படிக் கழித்ததில் சுமார் 31 லட்சமாகச் சுருங்கியது. பதிலுக்குப் பதில் என்று வால் நீளும் மின்னஞ்சல்களைச் சங்கிலியாகக் கோத்து, எல்லாம் அடங்கிய கடைசி ஒன்றை மட்டும் படிக்கலாம். நடுவில் இணைப்புக் கோப்பு (அட்டாச்மென்ட்) எதுவும் கழன்றிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெஷினே படித்துத் தரம் பிரித்துவிடுகிறதாமே, நீதிமன்றம் ஒப்புக்கொள்கிறதா? எங்கள் வேலை போய்விடுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒப்புக்கொள்கிறது. 2012-இல் நியூயார்க் நீதிபதி ஆண்ட்ரூ பெக், 30 லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல் இருந்த ஒரு வழக்கில், பொருத்தமான இடத்தில் இதைப் பயன்படுத்தலாம் என்று சொன்னார். மேலே சொன்ன பிர்ரோ வழக்கில் இங்கிலாந்தும் 2016-இல் சம்மதித்தது. நீங்கள் போடும் டேக்கைப் பார்த்து மெஷின் மீதி ஆவணங்களை வரிசைப்படுத்தும், மேலே இருப்பதை நீங்கள் படிக்கப் படிக்க வரிசை மாறிக்கொண்டே வரும். ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் 'ஆம்' என்றதை நீங்கள் 'இல்லை' என்றால் அது குழம்பும். அதனால் எது ரெலவன்ட் என்று முதல் நாளே எழுதி வைத்து, சந்தேகக் கேஸ்களை அன்றன்றைக்கே பேசித் தீர்க்க வேண்டும். எக்ஸெல் எண்களும் புகைப்படமும் அதற்குச் சரிப்பட்டு வராது, அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வேலை போகுமா என்றால், 'நாட் ரெலவன்ட்' பட்டனை நாள் முழுக்க அமுக்கும் வேலை போகும். நீங்களே அதற்கு அழமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: தமிழ் ஆவணங்களிலும் இப்படித் தேடலாமா?
- சட்ட மாணவி, மதுரை

பதில்: தேடலாம், வழியில் பள்ளங்கள் அதிகம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே வெறும் ஆங்கில எழுத்துக் குவியல், யூனிகோடுக்கு மாற்றாமல் ஒரு சொல்லும் சிக்காது. அடுத்தது வேற்றுமை உருபு. 'நிலம்' என்று தேடினால் 'நிலத்தை', 'நிலத்தில்' வராது. புத்திசாலித்தனமாக 'நில' என்று வெட்டித் தேடினால் நிலா, நிலவரம், நிலையம் எல்லாம் ஊர்வலமாக வரும். 'நிலத்' என்று ஒன்று, 'நிலம்' என்று ஒன்று, இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வைத்திருப்பார்கள், அதற்கு முதலில் கொஞ்சம் உட்கார்ந்து படித்து, அவரவர் எப்படி எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொண்டுதான் தேட வேண்டும்.