குடும்பப் பின்னலுக்குக் கூடுதல் பணம் தராதீர்கள்

டப்ளினில் வேலை பார்க்கும் வாசகி கேட்கிறார்: ஓய்வு பெறும் ஐரிஷ் மேலாளருக்கு அரன் ஸ்வெட்டர் (அயர்லாந்தின் மேற்குக் கரையோர அரன் தீவுகளின் பெயர் கொண்ட, புடைப்புப் பின்னல் போட்ட கம்பளி ஸ்வெட்டர்) பரிசளிக்க நினைக்கிறோம். அவருடைய குடும்பப் பெயருக்கே உரிய பழைய பின்னல் என்று சான்றிதழோடு ஒன்றை விற்கிறார்கள். விலை கூடுதல். வாங்கலாமா?

ஸ்வெட்டரை வாங்குங்கள், சான்றிதழுக்குக் காசு கொடுக்காதீர்கள். குலத்துக்கு ஒரு பின்னல் என்ற வழக்கம் அரன் தீவுகளில் இருந்ததில்லை. கடலில் மூழ்கியவரைப் பின்னலை வைத்தே அடையாளம் கண்டார்கள் என்றும் கடையில் கதை சொல்வார்கள். அதன் வேர் 1904-ல் மேடையேறிய, ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங்கின் (Synge) நாடகம். அதில் தங்கை, கடலில் மூழ்கி இறந்த அண்ணனை அடையாளம் காண, அவன் காலுறையில் கண்ணிகளை எண்ணுகிறாள். 60 போட்டு 4 விட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. தான் பின்னியது தனக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அது ஸ்வெட்டர்கூட இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவிடம் மகள் கற்றதால் ஒரு வீட்டுப் பின்னலில் ஒரே சாயல் இருக்கலாம். கயிற்று முறுக்கு, தேன்கூடு, வைரக்கட்டம் எல்லாம் அப்படிக் கைமாறியவைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துத் தானும் போட்டுக்கொள்வாள். கல்யாணமாகிப் போகிறவள் கூடவே கொண்டுபோவாள். சாயல் உண்டு, உரிமை கிடையாது. பெயர் வாரியாகப் பட்டியல் போட்டது வியாபாரம்.

இந்த ஸ்வெட்டருக்கே வயது நூற்றுச் சொச்சம்தான். 1891-ல் அயர்லாந்தின் மேற்குக் கரையின் வறுமையைப் போக்க அரசு ஒரு வாரியம் அமைத்து, மீன்பிடியோடு கைத்தொழிலையும் ஊக்குவித்தது. 1930-ல் கைத்தொழில் ஆர்வலர் மியூரியல் கஹான் டப்ளினில் கடை திறந்து தீவுப் பெண்களின் பின்னலை விற்றார். வீட்டு வேலைக்கு நடுவே பின்னிச் சம்பாதித்த பெண்கள் அவர்கள். இன்றைய சான்றிதழில் குலத்தின் பெயர் இருக்கும், பின்னியவள் பெயர் இருக்காது. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

அடுத்த பொறி, 'ஹேண்ட் லூம்ட்' என்ற சீட்டு. கையால் பின்னியது என்று நினைத்துவிடாதீர்கள். கையால் இயக்கும் இயந்திரத்தில் பின்னியது. உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: ஓரங்கள் வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் அது ஆலைச் சரக்கு. 'ஐரிஷ் வடிவமைப்பு' என்றால் எங்கே பின்னியது என்பதற்குப் பதிலே இல்லை. ஐரோப்பியச் சட்டம் நூல் என்ன என்று எழுதச் சொல்கிறது, எந்த நாட்டில் செய்தது என்று எழுதக் கட்டாயப்படுத்துவதில்லை. இத்தனை வருடமாக இதைச் சரிசெய்ய யாருக்கும் மனம் வரவில்லை!

ஆகவே 'ஊசியால் கையில் பின்னியது, இந்த ஊரில்' என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.