மழைக்காலத்தில் மட்டும் வெளியே எடுக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை? அதைப் பாதுகாப்பாக இயக்குவது எப்படி?

பெரும்பாலும் குறை எஞ்சினில் இருப்பதில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகமான கார்புரேட்டரில் தங்கிவிட்ட பழைய பெட்ரோலில்தான் இருக்கிறது. சில மாதங்கள் அசையாமல் கிடக்கும் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிஞ்சியது பிசினாகி, மிக நுண்ணிய ஜெட் துளையை அடைத்துவிடுகிறது. இந்தியாவில் இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதாலும், எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதாலும், உள்ளே துருப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவைப்பதாக இருந்தால், எஞ்சின் ஆறிய பிறகு டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலுள்ள திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள்.

ஆயில் அளவை ஒவ்வொரு முறையும் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். புது எஞ்சினில் முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும், அதன்பின் ஏறத்தாழ 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயிலை மாற்றுவது வழக்கம். கையேடு வேறு கணக்கு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது புகையைப் பற்றித்தான். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. ஜன்னலைத் திறந்துவைத்த அறை, கார் ஷெட், பால்கனி எதுவுமே பாதுகாப்பான இடமல்ல. கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, மழை நனைக்காத திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்கும்படி வையுங்கள். யாருக்கேனும் தலைவலியோ குமட்டலோ தோன்றினால் எல்லோரும் உடனே வெளியேறிவிட வேண்டும். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்ட பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். ஜெனரேட்டரின் வயரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கும் பழக்கம், அந்த மின்சாரம் வெளிக்கம்பிகளுக்கும் பாய்வதால், கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் மின்வாரிய ஊழியரின் உயிரைப் பறிக்கக்கூடும். எலக்ட்ரீஷியனை அழைத்து, வீட்டை மின்வாரிய இணைப்பு, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றோடு மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்திக்கொள்ளுங்கள்.