மனைவியின் ஊரில் நிலம்: ஃப்ளோரெஸ் தீவில் குடியேறும் முன்

கேள்வி: நான் இந்தியக் குடிமகன். சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். மனைவி இந்தோனேசியாவின் ஃப்ளோரெஸ் தீவில் மங்கராய் மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கர். 6 ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் பதிவுத் திருமணம் செய்தோம்; இந்தோனேசியாவில் இன்னும் பதியவில்லை. 4 வயது மகளுக்கு இந்தோனேசியப் பாஸ்போர்ட் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு அந்த ஊரிலேயே குடியேற நினைக்கிறோம். மனைவியின் அண்ணன்மார் அரை ஹெக்டேர் காப்பித் தோட்டம் தருவதாகச் சொல்கிறார்கள். தரகர் ஒருவரோ கடற்கரையில் 1 ஹெக்டேரைக் காட்டி, "மச்சான் பெயரில் வாங்குங்கள், கடன் பத்திரமும் பவரும் உங்களுக்கு எழுதிக்கொள்ளலாம்" என்கிறார். எது பாதுகாப்பானது?

பதில்: தரகரிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, 'ஹாக் மிலிக்' எனப்படும் முழு உரிமையை அந்நாட்டுக் குடிமக்கள்தான் வைத்திருக்க முடியும். நேராகவோ சுற்றிவளைத்தோ அதை வெளிநாட்டவர் கைக்குக் கொண்டுவரும் எந்த ஏற்பாடும் செல்லாது என்கிறது 26ஆம் பிரிவு. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. பணம் யாருடையதாக இருந்தாலும் சான்றிதழில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. உங்கள் மச்சான் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் காலத்துக்குப் பின் அவர் பிள்ளைகளிடம் அந்தப் பவர் பத்திரத்தைக் காட்டிப் பயனில்லை. போதாததற்கு, உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கடலோரப் பாதுகாப்புப் பகுதி. தரகர் காட்டும் ஹெக்டேரில் வீடு கட்டக்கூடிய இடம் எவ்வளவு தேறும் என்பதே சந்தேகம்.

அண்ணன்மார் தரும் தோட்டம்தான் உங்களுக்கு வழி. 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி, திருமணத்துக்குப் பின் சம்பாதித்துச் சேர்ப்பது கணவன் மனைவி இருவருக்கும் பொதுச் சொத்து. ஆனால் கொடையாகவும் வாரிசுரிமையாகவும் வருவது பெற்றவருக்கே தனிச் சொத்து. எனவே மனைவிக்குக் கொடையாக வரும் நிலத்தில் உங்கள் வெளிநாட்டுக் குடியுரிமை கலக்காது. இதே நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கினால் பொதுச் சொத்தாகி, நிலச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஓராண்டுக்குள் உரிமையைக் கைவிட வேண்டிய சிக்கல் வரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மங்கராய் வழக்கத்தில் மகன்கள் 'அத்தா ஒனெ', வீட்டுக்குள்ளிருப்பவர்கள். மகள்கள் 'அத்தா பெஆங்', வெளியே போகிறவர்கள். குல நிலம் மகன்களுக்கு. மணமான மகளுக்குப் பாசத்தோடு கொடுக்கும் நிலத்துக்கு 'விடாங்' என்று பெயர். இதைத் திரும்பப் பெறலாமா கூடாதா என்பதில்தான் சண்டைகள் கிளம்புகின்றன. கொடுத்த அண்ணன் உயிரோடிருக்கும்வரை பிரச்சினை இராது. "அத்தைக்கு உழுது சாப்பிடத்தான் கொடுத்தோம்" என்று அடுத்த தலைமுறை வந்து நிற்கும். நீதிமன்றம் போனால், மகளுக்கும் பங்கு உண்டு என்ற 1961ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு துணைக்கு வரும் என்பது உண்மை. ஆனால் அக்கம்பக்கத்தாரோடு வழக்காடிக்கொண்டு மலைக் கிராமத்தில் வாழ முடியாது. கையெழுத்துகளை இப்போதே வாங்கிவிடுங்கள்.

கொடைக் கடிதத்தில் எல்லா அண்ணன் தம்பிகளும் கையெழுத்திட வேண்டும். மலேசியாவுக்கோ, போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான காலிமந்தானுக்கோ வேலைக்குப் போன ஒருவர் விடுபட்டால், பத்தாண்டு கழித்து அவரே எதிராளியாக வருவார். கிராமத் தலைவர், அடாட் எனப்படும் ஊர் வழக்கத்தின் தலைவரான 'துஆ கோலோ', நிலம் பிரிக்கும் 'துஆ தெனோ' ஆகியோரும் ஒப்பமிட வேண்டும். சேவலும் கள்ளும் வைத்து நிலம் கேட்கும் சடங்கைத் தவறாமல் செய்யுங்கள், படம் எடுத்து வையுங்கள். பிறகு பெபெஆதே எனப்படும் நிலப் பத்திர அலுவலர் முன் கொடைப் பத்திரம். அவர் இல்லாத ஊரில் வட்டாரத் தலைவரான சாமாட்டே அந்தப் பொறுப்பைச் செய்வார்.

அடுத்து நில அலுவலகத்தில் அளவையும் பதிவும். மங்கராயின் 'லிங்கோ' வயல்கள் நடுவிலிருந்து விரியும் சிலந்திவலை போன்றவை. பங்குகள் கூர்முனையாக வரும். எல்லைக்கல் நடும் நாளில் சுற்றியுள்ள பங்குதாரர்கள் எல்லோரும் நேரில் இருக்கட்டும். வண்டிப் பாதையும் ஊற்றுத் தண்ணீர்க் குழாய் வரும் வழியும் யார் நிலத்தில் போகின்றன என்று பார்த்து எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் பாதை மறிப்பில்தான் பல பகைகள் தொடங்குகின்றன. நிலம் வன எல்லைக்குள் விழுந்தால் சான்றிதழ் கிடைக்காது, ஆகவே அதை அளவைக்கு முன்பே சரிபார்க்க வேண்டும். தனி விண்ணப்பத்தில் 30 நாள் அறிவிப்பு வைப்பார்கள். சான்றிதழ் வந்து 5 ஆண்டுகள் எழுத்துப்பூர்வ ஆட்சேபம் வராமல், நல்லெண்ணத்தோடு நிலத்தையும் கைவசம் வைத்திருந்தால், பிறகு அதை அசைப்பது கடினம். வரிச் சீட்டை மட்டும் காட்டி "இதுதான் பட்டா" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் முடிக்க வேண்டியவை மூன்று. சிங்கப்பூர்த் திருமணச் சான்றிதழை மொழிபெயர்த்து மனைவியின் ஊர்க் குடிமைப் பதிவு அலுவலகத்தில் பதியுங்கள். ஊர் திரும்பிய ஓராண்டுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், தாமதமாகியிருந்தாலும் பதிந்துவிடுங்கள். அடுத்தது, நோட்டாரிஸ் முன் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம். திருமணத்துக்கு முன்புதான் இதை எழுத முடியும் என்ற நிலையை அரசியல் சாசன நீதிமன்றம் 2016இல் மாற்றிவிட்டது. வீடு கட்ட நீங்கள் போடும் பணத்தின் கணக்கையும் அதில் எழுதி, அதையும் குடிமைப் பதிவில் சேர்த்துவிடுங்கள். மூன்றாவது, மனைவியின் அடையாள அட்டை முகவரி. விவசாய நிலத்தின் உரிமையாளர் அதே வட்டாரத்திலோ அடுத்த வட்டாரத்திலோ குடியிருக்க வேண்டும் என்ற 1961ஆம் ஆண்டு விதி இன்னும் இருக்கிறது. பத்திரத்துக்கு முன்பே அவர் முகவரி கிராமத்துக்கு மாறிவிட வேண்டும்.

தங்கும் உரிமை உங்களுக்குப் பெரிய தடையில்லை. மனைவி ஆதரவாளராக இருந்து முதலில் கிடாஸ் எனப்படும் தற்காலிகத் தங்கும் அனுமதி. திருமணமாகி 2 ஆண்டு கடந்தவர் என்பதால் அதிலிருந்து கிடாப் எனப்படும் 5 ஆண்டு நிரந்தரத் தங்கும் அனுமதிக்கு மாறலாம். குடும்பத்துக்காக உழைத்துச் சம்பாதிக்க 2011ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் 10 ஆண்டு நிறைவதற்குள் விவாகரத்தானால் கிடாப் போய்விடும்.

வருங்கால விலை ஏற்றத்தைக் கணக்கில் வைக்காதீர்கள். அந்தத் தோட்டத்தை வாங்கக்கூடியவர் இந்தோனேசியக் குடிமகனாக, அந்த வட்டாரத்திலோ அடுத்த வட்டாரத்திலோ வசிப்பவராக இருக்க வேண்டும். குலத்தாரின் சம்மதமும் வேண்டும். கிராமத்தில் அப்படி வாங்குவோர் மிகச் சிலர். திரும்ப எடுக்க முடியாமல் போனாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் வீட்டில் போடுங்கள்.

கடைசியாக, மனைவி உங்களுக்கு முன் காலமானால் என்ன ஆகும்? உங்கள் பங்குக்கு வரும் ஹாக் மிலிக்கை ஓராண்டுக்குள் கைமாற்ற வேண்டும், இல்லையேல் அது அரசுக்குப் போகும். நிலத்தை மகளுக்கு எழுதும் உயிலை மனைவி இப்போதே நோட்டாரிஸிடம் செய்து வைக்கட்டும். மகளுக்கு வேறு குடியுரிமையும் இருந்தால், 18 வயதானதும் அடுத்த 3 ஆண்டுக்குள் ஒரு குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை அவளுடைய இந்தோனேசியப் பாஸ்போர்ட் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியத் தூதரகத்தில் அவள் பிறப்பைப் பதியக் கேட்டால், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று உறுதிமொழி கேட்பார்கள். அதில் கையெழுத்திடாதீர்கள்.